பாக்கெட்டுக்கு ஒரு டார்ச்: லூமெனைப் பார்த்து ஏமாறாதீங்க!

சனிக்கிழமை ராத்திரி. திருச்சியில் மதுரை பஸ் ஏறி, கண்டக்டர்கிட்ட கெஞ்சிக் கேட்டு, விராலிமலை தாண்டி கொடும்பாளூர்ல இறங்கும்போது மணி பத்தரை. பஸ் போனதும் அதோட வெளிச்சமும் போயிடும். அதுக்கப்புறம் நானும் என் போனும்தான். காலையில இருந்து ரீல்ஸ், மேப், யூபிஐ எல்லாம் பார்த்து முடிச்ச போன்ல 4 சதவீதம் சார்ஜ். வீட்டுக்கு இன்னும் நடக்கணும்.

ஹாஸ்டல்ல ஊர் பேரைச் சொன்னா, "ஓ, பொன்னியின் செல்வன் வானதி ஊரா?"ன்னு கேப்பாங்க. ஆமா, அதே ஊர்தான். ஆனா இளவரசிக்குப் பின்னாடி தீவட்டி பிடிக்க ஆள் இருந்திருப்பாங்க. நமக்கு யாரும் இல்ல. நாமதான் பிடிக்கணும்.

இதை விளையாட்டா எழுதல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் சித்தப்பா ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் போடப் போனார். த்ரீ ஃபேஸ் கரண்ட் அந்த நேரத்துலதான் வந்துச்சு. வீட்டுல இருந்த ரீசார்ஜ் டார்ச் எரியல. "தெரிஞ்ச வரப்புதானே"ன்னு போனை எடுத்துட்டுப் போனார். திரும்பி வரும்போது போன் ஆஃப். காலில் ஏதோ முள்ளு குத்தின மாதிரி இருந்ததாம், வந்து படுத்துட்டார். ஒரு மணி நேரத்துல கண் இமை கீழ விழ ஆரம்பிச்சுது, பேச்சு குழறுச்சு. கட்டுவிரியன். 108 வந்து, விஷமுறிவு மருந்து ஏத்தி, ரெண்டு நாள் வென்டிலேட்டர்ல இருந்து பிழைச்சு வந்தார்.

கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கடிச்சா பெருசா வலிக்காது, பல் தடமும் சரியா தெரியாது. ஆபத்தே அதுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பாங்க, அதாவது சராசரியா வருஷத்துக்கு 58,000 பேர்னு 2020ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டுது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கதான்.

அந்த வாரம்தான் நான் டார்ச் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல உங்களுக்குப் பயன்படுறதை மட்டும் இங்கே எழுதறேன்.

போன் டார்ச் போதாதா?

ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில விழுந்த பேனாவைத் தேட போதும். வரப்புல நடக்கப் போதாது. காரணம் மூணு.

ஒண்ணு, சார்ஜ். இருட்டுல மாட்டிக்கிட்டா உங்களுக்கு முதல்ல வேண்டியது போன் பேச ஒரு போன். அதையே விளக்கா எரிச்சுத் தீர்த்தா 108க்கு எப்படிக் கூப்பிடுவீங்க?

ரெண்டு, கை. மழை ஈரத்துல, ஒரு கையில பையோட, லாக் திறந்து டார்ச் ஐகானைத் தேடறதுக்குள்ள காலை வெச்சிருப்பீங்க.

மூணு, வெளிச்சம் சிதறுறது. இதுக்குக் கொஞ்சம் கணக்கு வேணும். பயப்படாதீங்க, பிளஸ் டூ கணக்குதான்.

லூமென் வேற, கேண்டெலா வேற

ஒரு விளக்கு எல்லாப் பக்கமும் சேர்த்து மொத்தமா எவ்வளவு வெளிச்சம் தருதுங்கறது லூமென். ஒரு குறிப்பிட்ட திசையில எவ்வளவு செறிவா அடிக்குதுங்கறது கேண்டெலா. கடைசியில தரையில வந்து விழறது லக்ஸ். கேண்டெலாவை, தூரத்தின் (மீட்டர்ல) இருமடியால வகுத்தா லக்ஸ் வரும். அதே இன்வர்ஸ் ஸ்கொயர் லா.

போன் டார்ச் தோராயமா 50 லூமென்னு வெச்சுக்கோங்க. குவிக்க ரிஃப்ளெக்டரோ லென்ஸோ இல்லாம அப்படியே பரவினா நடுவுல கிடைக்கிறது சுமார் 16 கேண்டெலா. 5 மீட்டர் தள்ளி 16-ஐ 25-ஆல வகுத்தா 0.64 லக்ஸ். இப்ப ஒரு சாதாரண பாக்கெட் டார்ச். 1000 லூமென்ல 2500 கேண்டெலா தர்றது. அதை 50 லூமென் மோடுக்குக் குறைச்சா 125 கேண்டெலா. 5 மீட்டர்ல 5 லக்ஸ். அதே 50 லூமென்தான், ஆனா உங்க கால் போகப்போற இடத்துல எட்டு மடங்கு வெளிச்சம். வித்தியாசம் செஞ்சது அந்தக் குட்டி ரிஃப்ளெக்டர்.

5 லக்ஸ்னா எவ்வளவு? முழுநிலா வெளிச்சம் சுமார் 0.25 லக்ஸ். அப்ப இது 20 நிலா.

இங்கே எங்க ஊர்க் கதை ஒண்ணு. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போற வழியில, பாதை மூணாப் பிரியற இடம் இந்தக் கொடும்பாளூர்தான். கொடும்பைன்னு வரும். அதுக்கப்புறம் வெயில் தாங்காம, ராத்திரியில நிலா வெளிச்சத்துல நடக்கலாம்னு முடிவு பண்றாங்க. பாண்டியன் காக்கிற நாட்டுல பாம்பும் புலியும் யாரையும் ஒண்ணும் செய்யாதுன்னு கோவலன் தைரியம் சொல்றான். அதாவது 0.25 லக்ஸும் ராஜா மேல நம்பிக்கையும் போதும்னு கிளம்பிட்டாங்க!

ஆச்சரியம் என்னன்னா, இன்னைக்கு டார்ச்சுக்கான தர அளவும் நிலாவைத்தான் வெச்சிருக்கு. டப்பாவுல 'பீம் டிஸ்டன்ஸ் 100 மீட்டர்'னு போட்டிருந்தா, 100 மீட்டர் தள்ளி வெளிச்சம் 0.25 லக்ஸா குறையுதுன்னு அர்த்தம். அன்சி எஃப்எல்1ங்கற விதிமுறை சொல்றது இது. நீங்களே கணக்குப் போடலாம்: கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து 2-ஆல பெருக்குங்க. 2500 கேண்டெலான்னா 100 மீட்டர். 200 மீட்டர் வேணும்னா கேண்டெலா ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு வேணும்.

ஆனா நிலா வெளிச்சத்துல கயிறையும் பாம்பையும் பிரிச்சுப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால டப்பாவுல போட்ட தூரத்தைப் பாதியா எடுத்துக்கோங்க. பாதித் தூரத்துல வெளிச்சம் நாலு மடங்கு, 1 லக்ஸ்.

ஒரு லட்சம் லூமென்... நெஜமாவா?

ஆன்லைன்ல 'ஒரு லட்சம் லூமென்' டார்ச் பார்த்திருப்பீங்க. இன்ஜினியரிங் படிக்கிற நாமளே அதை நம்பலாமா?

நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும்னு வைங்க. ஒரு லட்சம் லூமெனுக்கு 1000 வாட் வேணும். அது இஸ்திரிப் பெட்டி எடுக்கிற கரண்ட். உள்ள இருக்கிற ஒரு செல்லோட மொத்த சக்தி சுமார் 12.6 வாட்-அவர், அதாவது 45,360 ஜூல். 1000 வாட்ல எரிச்சா 45 விநாடியில காலி. அதுக்கு முன்னாடி உங்க கை வெந்திருக்கும்.

சரி, உண்மையான 1000 லூமென் டார்ச்சே எடுப்போம். 10 வாட் உள்ள போகுது, சுமார் 3 வாட் வெளிச்சமாகுது, மீதி 7 வாட் சூடு. டார்ச் உடம்பு 50 கிராம் அலுமினியம். அலுமினியத்தோட வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 0.9 ஜூல். ஆக ஒரு டிகிரி ஏத்த 45 ஜூல் போதும். காத்துல போற சூட்டை விட்டுட்டா, மூணு நிமிஷத்துக்கு மேல கொஞ்சத்துல 30 டிகிரி ஏறிடும். நம்ம ஊர் 35 டிகிரியோட சேர்த்தா 65. கையில பிடிக்க முடியாது. அதனாலதான் எந்தச் சின்ன டார்ச்சும் உச்ச வெளிச்சத்துல ஓரிரு நிமிஷம்தான் நிக்கும், அப்புறம் தானாவே குறைஞ்சுக்கும். அது கோளாறு இல்ல, பாதுகாப்பு.

'3 மணி நேரம் எரியும்'ங்கறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அதே விதிமுறைப்படி, ஆரம்ப வெளிச்சம் பத்துல ஒரு பங்காக் குறையற வரைக்கும் 'ரன்டைம்'தான். 1000 லூமென்ல ஆரம்பிச்சு, ரெண்டு நிமிஷத்துல 300க்கு இறங்கி, மீதி நேரம் எல்லாம் அங்கேயே ஓடினாலும் டப்பாவுல '1000 லூமென், 3 மணி நேரம்'னே எழுதலாம். பொய் இல்ல, முழு உண்மையும் இல்ல. அதனால உச்ச அளவைப் பார்க்காதீங்க. நடு மோடுல எத்தனை லூமென், எத்தனை மணி நேரம்னு பாருங்க. நீங்க நடக்கப்போறது அந்த மோடுலதான்.

இன்னொண்ணு, நம்ம கண்ணும் லூமெனை நேர்கோட்டுல பார்க்கறதில்ல. 500ல இருந்து 1000க்குப் போனா ரெண்டு மடங்கு பளிச்சுன்னு தெரியாது, 'கொஞ்சம் கூட'ன்னுதான் தெரியும். அந்தக் கொஞ்சத்துக்குப் பாதி பேட்டரியைக் கொடுக்கறீங்க.

பேட்டரிதான் டார்ச்

எங்க அப்பத்தா டார்ச்சையே 'பேட்டரி லைட்டு'ன்னுதான் சொல்லும். சரியாத்தான் சொல்லியிருக்கு. வாங்கும்போது முதல்ல கேக்க வேண்டியது உள்ள என்ன பேட்டரிங்கறதுதான்.

சித்தப்பா வீட்டு டார்ச் ஏன் எரியலன்னு அப்புறம் கழட்டிப் பார்த்தேன். உள்ள சின்ன லெட் ஆசிட் பேட்டரி. மலிவான ரீசார்ஜ் டார்ச் பலதுல இதுதான் இருக்கும். சார்ஜ் இறங்கின நிலையில மாசக்கணக்குல வெச்சா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு செத்துப்போகும். எப்பவாவது எடுக்கிற டார்ச்சுக்கு இதைவிட மோசமான பேட்டரி இல்ல. ஆனா அதைத்தான் 'கரண்ட் போனா எடுக்க'ன்னு எல்லா வீட்டுலயும் பரண் மேல வெச்சிருக்கோம்.

பாக்கெட் டார்ச்சுக்கு மூணு வழி இருக்கு.

டிரிபிள் ஏ: டிவி ரிமோட்ல போடற ஒல்லி பேட்டரி. டார்ச் விரல் அளவுதான் இருக்கும், சாவிக்கொத்துல தொங்கும். சுடிதார்ல பாக்கெட்டே வைக்கமாட்டேங்கறாங்கன்னு புலம்பற தோழிகளுக்கு, ஐடி கார்டு கயித்துலயே மாட்டிக்கலாம். வெளிச்சம் கொஞ்சம்தான், ஆனா கூடவே இருக்கும்.

டபுள் ஏ: சுவர்க் கடிகாரத்துல போடற பென்சில் பேட்டரி. பெரிய லாபம், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ரீசார்ஜ் ஆகற நிக்கல் செல் போட்டா 2000 எம்ஏஎச், 1.2 வோல்ட், ஆக 2.4 வாட்-அவர். சில டார்ச்சுல அதே அளவுள்ள 14500ங்கற லித்தியம் செல்லும் போடலாம், ஆனா அது 3.7 வோல்ட். ரெண்டும் ஒத்துக்கும்னு தெளிவாப் போட்டிருந்தா மட்டும் போடுங்க. இல்லன்னா டார்ச் புகையும்.

18650: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பழைய லேப்டாப் பேட்டரிக்குள்ள வரிசையா இருக்குமே, அதேதான். 3500 எம்ஏஎச், 3.6 வோல்ட், ஆக 12.6 வாட்-அவர். டபுள் ஏ போல அஞ்சு மடங்கு. 50 லூமென்ல எரிச்சா, சர்க்யூட் இழப்பு எல்லாம் போக இருபது மணி நேரம் எதிர்பார்க்கலாம். தினம் அரை மணி நேரம் நடந்தா ஒரு மாசத்துக்கு மேல. ராத்திரி நடக்கறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

எச்சரிக்கை: '9900 எம்ஏஎச் 18650'ன்னு ஏதாவது பார்த்தா ஓடிடுங்க. அந்த அளவுக்குள்ள அவ்வளவு சக்தியை அடைக்க முடியாது. நல்ல செல் 3500ஐ ஒட்டித்தான் நிக்கும், எடை 45 கிராமுக்கு மேல இருக்கும். தூக்கிப் பார்த்து லேசா இருந்தா சந்தேகப்படுங்க. தனி செல்லைச் சாவி, சில்லறையோட ஒரே பாக்கெட்டுல போடாதீங்க. ரெண்டு முனையும் ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும்.

பாக்கெட்டுல உட்காரணும்

எவ்வளவு நல்ல டார்ச்சா இருந்தாலும் ஹாஸ்டல் ரூம்ல விட்டுட்டு வந்தா பிரயோஜனம் இல்ல. உள்ளங்கையில அடங்கணும். கிளிப் இருந்தா பாக்கெட் ஓரத்துல நிமிர்ந்து நிக்கும், அடியில படுத்து தொடையைக் குத்தாது. லுங்கி கட்டறவங்களுக்கு இடுப்பு மடிப்புல செருகவும் கிளிப்தான்.

சுவிட்ச் ரொம்ப முக்கியம். இருட்டுல, பார்க்காம, கட்டைவிரல் தானாப் போய் நிக்கற இடத்துல இருக்கணும். ஒரே அழுத்துல நடு வெளிச்சம் வரணும். சிலதுல ஒவ்வொரு அழுத்துக்கும் மோடு மாறி, நடுவுல பளிச் பளிச்சுன்னு மின்னும். பாம்பு முன்னாடி நின்னுக்கிட்டு டிஸ்கோ லைட் போட்டுட்டு இருக்க முடியாது. மின்னல் மோடு வழியில குறுக்கிடாத டார்ச்சா வாங்குங்க.

பக்கவாட்டு எலக்ட்ரானிக் சுவிட்ச் பாக்கெட்டுக்குள்ள தானா அமுங்கும். என் பைக்குள்ள ஒருதரம் உச்ச வெளிச்சத்துல ஆனாகி, ரெக்கார்டு நோட்டு அட்டை பழுப்பாகிப் போச்சு. லேப்ல என்ன காரணம் சொன்னேன்னு கேக்காதீங்க. இதுக்கு லாக்-அவுட் இருக்கு. பல டார்ச்சுல பின்மூடியைக் கால் சுத்து தளர்த்தினாலே இணைப்பு அறுந்துடும். பையில போடும்போது அதைப் பழக்கமாக்குங்க.

ஒரு லூமெனுக்கும் கீழ எரியற மோடு இருந்தா ஹாஸ்டல்ல வரம். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு அது தாராளமாப் போதும், ரூம்மேட்டும் தூக்கம் கலைஞ்சு திட்டமாட்டான். இருட்டுக்குக் கண் முழுசாப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒரு தடவை உச்ச வெளிச்சத்தைப் பார்த்தா அத்தனையும் போச்சு.

மழைக்கு ஐபிஎக்ஸ்4 குறைஞ்சபட்சம். ஐபிஎக்ஸ்7னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். வயல்ல நடக்கறவங்க இதைக் கேட்டு வாங்குங்க.

எப்படிப் பிடிக்கறது? மூவர் கோயில் சொல்லும்

எங்க ஊர்ல மூவர் கோயில் இருக்கு. இருக்குவேளிர் மரபுல வந்த பூதி விக்கிரமகேசரி கட்டினது. தன் பேர்ல ஒண்ணு, கற்றளி, வரகுணைன்னு தன் ரெண்டு தேவியர் பேர்ல ஒவ்வொண்ணுன்னு மூணு விமானம். இப்ப முழுசா நிக்கறது ரெண்டுதான், மூணாவதுக்கு அடித்தளம் மட்டும் இருக்கு. இந்த விவரமெல்லாம் அங்கே இருக்கிற கிரந்தக் கல்வெட்டுல இருந்தே தெரிஞ்சது.

தேய்ஞ்ச கல்வெட்டுக்கு முன்னாடி நின்னு டார்ச்சை நேரா அடிச்சா எழுத்து மறைஞ்சு வெறும் கல்லுதான் தெரியும். டார்ச்சைச் சுவரோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல பிடிங்க. ஒவ்வொரு எழுத்தோட பள்ளத்துலயும் நிழல் விழுந்து, அப்படியே எழும்பி வரும். கல்வெட்டு படிக்கறவங்க காலங்காலமாச் செய்யற வேலை இது.

தரைக்கும் இதேதான். நெத்தியில கட்டற ஹெட்லேம்ப், கண்ணு இருக்கற உயரத்துல இருந்தே அடிக்கும். நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், தரை தட்டையாத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழ பிடிச்சு, நாலஞ்சு அடி இல்ல, நாலஞ்சு மீட்டர் முன்னாடி சாய்வா அடிங்க. கல்லு, குழி, சுருண்டு கிடக்கறது எல்லாத்துக்கும் நீள நிழல் விழும். கண்ணு பாம்பைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதோட நிழலைப் பார்த்துடும்.

நிறத்தையும் கவனிங்க. நீலம் தட்டின வெள்ளை வெளிச்சத்துல செம்மண்ணும் சருகும் எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியும். சிஆர்ஐ 90க்கு மேல போட்ட எல்இடியில பழுப்பும் சிவப்பும் தனித்தனியாத் தெரியும். லூமென் கொஞ்சம் குறையும், பரவாயில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி

- நடு மோடுல எத்தனை லூமென், எத்தனை மணி நேரம்?
- பேட்டரியைக் கழட்டி மாத்த முடியுமா? உள்ளேயே ஒட்டி வெச்சதுன்னா, பேட்டரி போனா டார்ச்சும் போச்சு.
- சார்ஜ் உங்க போன் சார்ஜர்லயே ஏறுமா?
- கண்ணை மூடிக்கிட்டு ஒரே அழுத்துல நடு வெளிச்சத்தை எரிய வைக்க முடியுதா?
- லாக்-அவுட், கிளிப், ஐபிஎக்ஸ் இருக்கா?
- லூமென் மட்டும் போட்டு கேண்டெலா, ரன்டைம் எதுவுமே போடலன்னா, வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. டார்ச் பாம்பை விரட்டாது, காட்டும். அவ்வளவுதான். செருப்பு இல்ல, ஷூ போடுங்க. அப்படியும் கடிச்சா கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. கடிச்ச இடத்தை அசைக்காம, 108க்கு அடிச்சு, விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. வலிக்கலன்னாலும் போங்க. அதுக்காகத்தான் போன்ல சார்ஜ் மிச்சம் வைக்கச் சொன்னேன்.

என் முதல் ஸ்டைபண்டுல ஒரே மாதிரி ரெண்டு டார்ச் வாங்கினேன். ஒண்ணு என் பாக்கெட்டுல. இன்னொண்ணு சித்தப்பாவுக்கு. வாங்கிக் கொடுத்தப்ப, "இத்துனூண்டு இருக்கு, இது எங்கடா எரியப்போகுது?"ன்னார். இப்ப மோட்டார் போடப் போகும்போது இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வாசல் இறங்குறார்.